கரைவலைக்காரர் மீனைப் பங்கு போடுவதும் மரபணுவில் உள்ளதுதானா?

முழுக்க அப்படிச் சொல்ல ஏலாது. கூடி வாழும் மூளையைப் பரிணாமம் தந்தது, சரி. ஆனால் திருகோணமலையில் வலை இழுத்தவருக்கு எத்தனை பங்கு, வலை முதலாளியான சம்மாட்டிக்கு எத்தனை என்பதை முடிவு செய்வது ஊர் வழக்கமும் கடனும் மீன் விலையும்தான். 1964இல் உயிரியலாளர் ஹாமில்டன் சொன்ன உறவுத் தேர்வு, அதாவது உறவினர் வழியாகவும் நம் மரபணு பரவும் என்ற கருத்து, சொந்தக்காரருக்கு ஏன் உதவுகிறோம் என்பதை நன்றாகவே விளக்கும், ஆனால் கூட நின்று கயிறு இழுக்கிறவர் எல்லோரும் சொந்தமா என்ன?

பெரிய சிக்கல் வேறு. பங்கு கொடுத்தாலும் பரிணாமம், ஏமாற்றினாலும் பரிணாமம் என்றால் அதை எப்படிச் சோதிப்பது? ஒரு கதை பொய்த்தால் இன்னொன்றைக் கட்டும் இந்தப் பழக்கத்தை உயிரியலாளர்களான கூல்டும் லெவொன்டினும் 1979இலேயே கண்டித்தார்கள். வளர்ந்த பிறகும் பால் செரிப்பதற்கு மரபணு மாற்றத்தையே எடுத்துக் காட்டலாம். பங்குக் கணக்குக்கு எதைக் காட்டுவது?