நாய் கடித்த பெஞ்சு, பூனை கீறிய நாற்காலி: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

வெளியே கிடக்கும் மேஜை நாற்காலி பாழாகிவிட்டது, வீட்டில் நாயோ பூனையோ இருக்கிறது, பழுது பார்ப்பதா புதிதாக வாங்குவதா என்று பலர் எழுதியிருக்கிறீர்கள். பதிலுக்குள் போவதற்கு முன் ஒரு விஷயம். நாம் உட்கார்ந்துவிட்டு எழுந்து போகும் பெஞ்சை அவை நக்கும், கடிக்கும், அதன் மேல் உருண்டுவிட்டு உடம்பையும் நக்கிச் சுத்தம் செய்யும். மரத்தில் நாம் பூசுவதில் கொஞ்சம் அவற்றின் வயிற்றுக்குள் போகத்தான் போகிறது. எதை வாங்கினாலும் இதை நினைத்துக்கொண்டு வாங்குங்கள்.

கேள்வி: தோட்டத்துத் தேக்கு பெஞ்சு பல வருடமாக வெயிலிலும் மழையிலும் கிடந்து சாம்பல் நிறமாகிவிட்டது. ஒரு காலின் அடிப்பகுதி மெத்தென்று இருக்கிறது. போதாக்குறைக்கு ஐந்து மாத நாய்க்குட்டி கைப்பிடியைக் குதறி வைத்திருக்கிறது. தேக்கு எண்ணெய் பூசினால் சரியாகிவிடும் என்று கடையில் சொல்கிறார்கள். பூசலாமா, பெஞ்சையே மாற்றிவிடலாமா?

மாற்ற வேண்டாம். தேக்கு சாம்பலாவது பழுதே இல்லை. வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் மரத்தின் மேல்தோலில் நார்களை ஒட்டவைத்திருக்கிற லிக்னின் என்ற பொருளைச் சிதைக்கிறது, மழை அதைக் கழுவிவிடுகிறது, அவ்வளவுதான். மாறியிருப்பது மேலே ஒரு மெல்லிய படலம் மட்டும். பலம் அப்படியே இருக்கும். அந்த நிறம் உங்களுக்குப் பிடித்திருந்தால் அப்படியே விட்டுவிடலாம். பழைய நிறம்தான் வேண்டும் என்றால், சோப்புத் தண்ணீரில் மென்மையான பிரஷ்ஷை நனைத்து, மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே தேயுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு 80, 120, 180 என்று எண் போட்ட உப்புத்தாளைப் படிப்படியாகப் போடுங்கள், எண் கூடக்கூடத் தாள் நைசாக இருக்கும். வேகமாகத் தண்ணீர் பீய்ச்சும் இயந்திரத்தை மட்டும் கிட்டே கொண்டு போகாதீர்கள். ரேகைக்கு நடுவில் இருக்கும் மென்மையான பகுதியை அது அரித்துவிடும், பெஞ்சு வரி வரியாகச் சொரசொரப்பாகிவிடும்.

கவலைப்பட வேண்டியது அந்தக் காலைப் பற்றித்தான். மரத்தின் வெட்டுமுகம் தரையில் படுகிற இடம் அது. அந்த வழியாகத்தான் மரம் தண்ணீரை உறிஞ்சும், பூஞ்சையும் அங்கேதான் முதலில் பிடிக்கும். ஒரு ஸ்குரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். ஓரிரு சென்டிமீட்டர் இறங்கியதுமே கடினமான மரம் தட்டுப்பட்டால், மக்கிய பகுதியை அறுத்துவிட்டு மற்ற மூன்று கால்களையும் அதே அளவுக்குக் குறைத்துவிடலாம், அல்லது அந்தக் காலுக்கு மட்டும் புதுத் துண்டு ஒட்டலாம். அப்புறம் நான்கு கால்களின் அடியிலும் எபாக்சி (இரண்டு திரவங்களைக் கலந்து பூசும், இறுகிக் கெட்டியாகும் பிசின்) பூசுங்கள். தண்ணீர் ஏறும் வாசல் அத்தோடு அடைபடும். பெஞ்சை மண்ணில் வைக்காமல் கல்லின் மேல் வைப்பதும் நல்லது. ஸ்குரூ டிரைவர் கைப்பிடி வரைக்கும் இறங்குகிறதா? அப்படியானால் காலை முழுதாக மாற்ற ஒரு தச்சரைக் கூப்பிடுங்கள்.

இப்போது எண்ணெய். தேக்கு எண்ணெய் என்ற பெயரில் விற்பது பெரும்பாலும் ஆளிவிதை எண்ணெயோ டங் எண்ணெயோ கரைப்பானும் வார்னிஷும் கலந்த கலவை. அதில் தேக்கிலிருந்து எடுத்தது எதுவும் இருக்காது. பூசினால் அழகாக இருக்கும், மரத்தின் ஆயுள் அதிகமாகாது, ஈரமான இடத்தில் பூஞ்சைக் கறையும் வரலாம். கடிக்கிற குட்டி இருக்கும் வீட்டில் இப்போதைக்கு அது வேண்டாம் என்பேன். பூசியே தீருவேன் என்றால், முழுதாகக் காய்ந்து வாசனை போகும்வரை குட்டியை அந்தப் பக்கம் விடாதீர்கள். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிடவும் கூடாது. ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடு கிளம்பும், சுருட்டிய துணி தானாகவே தீப்பிடித்துக்கொள்ளும். வெளியே விரித்துக் காயப்போடுங்கள், இல்லையென்றால் தண்ணீரில் முக்கி வையுங்கள்.

கைப்பிடியை இன்று சரிசெய்யாதீர்கள். குட்டிக்குப் பால்பல் விழுந்து புதுப்பல் முளைக்கிற வயது. ஈறு நமநமவென்று அரிக்கும், எதையாவது கடித்தால்தான் அதற்கு நிம்மதி. ஆறு ஏழு மாதத்தில் பெரிய பற்கள் வந்துவிடும். அதுவரை சிம்பு நீட்டிக்கொண்டிருக்கும் இடத்தை மட்டும் தேய்த்துவிடுங்கள், வாயில் குத்திக்கொள்ளப் போகிறது. கடிக்க உறுதியான ரப்பர் பொம்மை ஒன்று வாங்கிக் கொடுங்கள். வாங்கும்போது கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். கொஞ்சமாவது அழுந்த வேண்டும். கல் மாதிரி இருப்பதைக் கடித்தால் பல் உடையும்.

பிறகு ஒட்டும்போது பாலியூரித்தேன் பசை வேண்டாம். நுரைத்து விரிகிற வகைப் பசை அது. நாய் விழுங்கினால் வயிற்றுக்குள்ளும் அப்படியே விரிந்து கட்டியாகிவிடும், அறுவை சிகிச்சை செய்துதான் எடுக்க வேண்டிவரும். தண்ணீர் தாங்கும் மரப்பசை போதும். கழற்றிய ஸ்குரூக்களையும் நட்டுகளையும் எண்ணி டப்பாவில் போடுங்கள். துத்தநாகப் பூச்சுள்ளதை நாய் விழுங்கினால் அதன் இரத்தச் சிவப்பணுக்கள் அழியும். திரும்பப் பூட்டும்போது துருப்பிடிக்காத ஸ்டீல் ஸ்குரூவாகவே வாங்கிவிடுங்கள்.

கேள்வி: பிளாஸ்டிக் நாற்காலியின் கால் விரிசல் விட்டிருக்கிறது. எந்தப் பசை நன்றாக ஒட்டும்?

சாதாரணமாகக் கிடைக்கும் எதுவும் ஒட்டாது. இந்த நாற்காலிகள் பெரும்பாலும் பாலிபுரோப்பிலீன் என்ற வகை பிளாஸ்டிக். சாதாரணப் பசை அதன் மேல் பிடிக்கவே பிடிக்காது. சூடு காட்டி உருக்கி ஒட்டலாம்தான், ஆனால் வெயிலில் நொறுங்கிப்போன பிளாஸ்டிக் பக்கத்திலேயே இன்னொரு இடத்தில் விரிசல் விடும். கையால் தடவினால் வெள்ளையாக மாவு ஒட்டுகிறதா? அப்படியென்றால் அதன் காலம் முடிந்துவிட்டது. யாரும் அதில் உட்கார வேண்டாம். புதியது வாங்கும்போது புற ஊதாக் கதிரைத் தாங்கும் என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: பால்கனியில் இருக்கும் பிரம்பு நாற்காலியைப் பூனை கீறிக் கீறிப் பின்னலே பிரிந்துவிட்டது. கீறுவதற்கென்று கட்டை வாங்கி வைத்தும் திரும்பிப் பார்க்க மாட்டேன் என்கிறது. நகத்தையே எடுத்துவிடலாம் என்கிறார்கள்.

தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். நகத்தை எடுப்பது என்றால் நகத்தை மட்டும் எடுப்பதில்லை, ஒவ்வொரு விரலின் கடைசி எலும்பையும் வெட்டுகிறார்கள். நம் விரல் நுனிகளைக் கணுவோடு வெட்டுவதற்குச் சமம்.

பூனை ஏன் கீறுகிறது? நகத்தின் பழைய உறை கழல வேண்டும், தூங்கி எழுந்ததும் முதுகை நீட்டி முறிக்க வேண்டும், இது என் இடம் என்று பாதத்தின் வாசனையைப் பதிக்க வேண்டும். இந்த மூன்றுக்கும் பிரம்பு நாற்காலி வசதியாக இருக்கிறது, உங்கள் கட்டை வசதியாக இல்லை. அநேகமாக அது குட்டையாக இருக்கும், அல்லது தொட்டதும் ஆடும். பூனை பின்னங்காலில் நின்று முழுதாக நீளும் அளவுக்கு உயரம் வேண்டும், 75 முதல் 90 சென்டிமீட்டர் இருந்தால் சரி. நீங்கள் பிடித்து இழுத்தாலும் அசையக் கூடாது. சைசல் என்ற கற்றாழை நார்க் கயிறு இறுக்கிச் சுற்றியதாகப் பாருங்கள், கம்பளி போல மெத்தென்று இருப்பது வேண்டாம். வாங்கியதைக் கண்ணுக்குத் தெரியாத மூலையில் ஒதுக்காமல் நாற்காலியை ஒட்டியே வையுங்கள். சில வாரம் கழித்து, பழகிவிட்டது என்று தெரிந்ததும், தினம் கொஞ்சமாக நகர்த்தலாம்.

பிரிந்த பின்னலை அதற்கு அப்புறம் பாருங்கள். இயற்கைப் பிரம்பாக இருந்தால், புதுப் பிரம்பைத் தண்ணீரில் ஊறவைத்து வளைத்துப் பின்னலாம், காயும்போது தானே இறுகிக்கொள்ளும். பிளாஸ்டிக் பின்னல் என்றால் ஊறவைத்துப் பயனில்லை, அறுந்த இழையை மாற்றிக் கோக்க வேண்டியதுதான்.

கேள்வி: பழைய இரும்பு மேஜையில் பெயின்ட் உரிந்து துருப்பிடித்திருக்கிறது. நானே பெயின்ட் அடிக்கலாமா?

அடிக்கலாம். துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எடுங்கள், உப்புத்தாள் போடுங்கள், துடைத்துவிட்டு அன்றைக்கே பிரைமர் என்ற அடிப்பூச்சைப் பூசுங்கள். ஒரு இரவு விட்டால்கூட ஈரக் காற்றில் மறுபடி துரு படரும். அதன் மேல் பெயின்ட்டை மெல்லிசாக இரண்டு முறை அடியுங்கள்.

ஒரே ஒரு எச்சரிக்கை. மிகப் பழைய மேஜை என்றால் பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். அதைக் காய்ந்த நிலையில் தேய்த்தால் தூள் எங்கும் பறக்கும், நாயும் பூனையும் பாதத்தோடு நக்கிவிடும். தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள், கீழே தாள் விரியுங்கள், முகமூடி போட்டுக்கொள்ளுங்கள். குழந்தையும் பிராணியும் உள்ள வீட்டில் ஈயம் இருப்பது உறுதியானால், அந்த வேலையைத் தெரிந்தவர்களிடம் விடுவதே நல்லது.

கேள்வி: வெளி இருக்கையின் மெத்தையில் பூனை சிறுநீர் கழித்துவிடுகிறது. பினாயில் போட்டுக் கழுவினாலும் மழை நாளில் நாற்றம் திரும்பி வருகிறது.

முதலில் பினாயிலை நிறுத்துங்கள். கருப்பு பினாயிலில் தாரிலிருந்து வரும் பீனால் வகைகள் இருக்கின்றன, வெள்ளையில் பைன் எண்ணெய். இரண்டுமே பூனைக்கு விஷம். பீனாலை முறித்து வெளியேற்றும் வேலையைப் பூனையின் ஈரலால் சரியாகச் செய்ய முடியாது. துடைத்த தரையில் நடக்கும், பாதத்தை நக்கும், கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போகும். உளுத்த மரத்துக்கு அடிக்கிற மருந்திலும் இதே கவனம் வேண்டும். பெர்மெத்ரின் என்று எழுதியிருந்தால் பூனை உள்ள வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள்.

நாற்றம் திரும்புவதற்குக் காரணம் யூரிக் அமிலம். அதன் படிகம் தண்ணீரில் சரியாகக் கரையாது, பஞ்சுக்குள் உட்கார்ந்துகொண்டு காற்றில் ஈரம் ஏறும்போதெல்லாம் மணக்கும். பிராணிகளின் சிறுநீருக்கென்றே நொதி (என்சைம்) கலந்த திரவம் கிடைக்கிறது, அதை வாங்குங்கள். மேலாகத் தெளித்தால் போதாது, சிறுநீர் எவ்வளவு ஆழம் இறங்கியதோ அவ்வளவு ஆழம் நனைய வேண்டும். லேபிளில் சொன்ன நேரம் ஈரமாகவே விட்டுவிடுங்கள். பிளீச்சிங் பவுடர் கரைசலைச் சிறுநீர் மேல் ஊற்றக் கூடாது, மூச்சை அடைக்கும் வாயு வரும்.

மெத்தைக்கு முன்னால் பூனையைக் கவனியுங்கள். மலத்தட்டு சுத்தமாக இருக்கிறதா? பூனைகளின் எண்ணிக்கையைவிடத் தட்டு ஒன்று கூடுதலாக இருப்பது நல்லது. திடீரென்று தொடங்கிய பழக்கம் என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள். அதிலும் ஆண் பூனை முக்கி முக்கியும் சிறுநீர் வரவில்லை என்றால், நாளை என்று தள்ளவே கூடாது. ஓரிரு நாளில் உயிர் போய்விடும்.

கேள்வி: எங்கள் நாய்க்கு வயதாகிவிட்டது. டைல்ஸ் தரையில் எழுந்திருக்கும்போது பின்னங்கால் வழுக்குகிறது. நல்ல படுக்கை வாங்க நினைக்கிறோம். எதைப் பார்த்து வாங்குவது?

படுக்கைக்கு முன்னால் ஒரு சின்ன வேலை. பாதத்தைத் திருப்பி, விரல்களுக்கு நடுவே முடி வளர்ந்து மூடியிருக்கிறதா, நகம் நீண்டு தரையைத் தட்டுகிறதா என்று பாருங்கள். இரண்டையும் வெட்டினாலே பிடிப்பு நிறையத் திரும்பும். படுக்கையிலிருந்து தண்ணீர்க் கிண்ணம் வரைக்கும், கிண்ணத்திலிருந்து வாசல் வரைக்கும், அடியில் ரப்பர் வைத்த விரிப்புகளை விடாமல் போடுங்கள். நடுவில் ஒரு அடி இடைவெளி இருந்தாலும் அங்கேதான் வழுக்கும்.

படுக்கையின் அளவுக்கு, அது காலை நீட்டிப் படுத்திருக்கும்போது மூக்கிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை அளந்து, மேலே ஒரு சாண் சேர்த்துக்கொள்ளுங்கள். கடையில் முழங்கையை ஊன்றி அழுத்திப் பாருங்கள். தரை தட்டினால் அந்தப் படுக்கை மூட்டு வலி உள்ள நாய்க்கு உதவாது. உறையில் ஜிப் இருக்க வேண்டும், கழற்றித் துவைக்க முடிய வேண்டும். நான் ஒருமுறை இதைப் பார்க்காமல் வாங்கி, முழு மெத்தையையும் தண்ணீரில் முக்கி, உள்ளே காயாமல் பூஞ்சை பிடித்து, ஒரு மாதத்துக்குள் தூக்கிப்போட்டேன். விளிம்பு உயர்ந்த படுக்கை அழகாக இருக்கும், ஆனால் வயதான நாய்க்கு அதைத் தாண்டுவது சிரமம். ஒரு பக்கமாவது தாழ்ந்ததாக எடுங்கள்.

வாங்கி வந்த அன்று, அது வழக்கமாகப் படுக்கும் பழைய துணியைத் துவைக்காமல் அப்படியே மேலே விரியுங்கள். தெரிந்த வாசனை இருந்தால் சீக்கிரம் ஏறிப் படுக்கும்.