வான்டே குளோப் பந்தயத்தில் தனியாகப் படகோட்டுபவர் எப்போது தூங்குவார்?

1989இல் தொடங்கிய வான்டே குளோப், பிரான்சின் லே சாப்ல் தொலோன் துறைமுகத்திலிருந்து ஒருவர் தன்னந்தனியாக, எங்கும் நிற்காமல், பிறர் உதவியின்றி உலகைச் சுற்றிவரும் பாய்மரப் படகுப் பந்தயமாகும். இதில் தூக்கம் என்பது, பெரும்பாலும் 20 முதல் 40 நிமிடம் வரையிலான குட்டித் தூக்கங்களை இரவு பகல் பாராமல் பிரித்து எடுத்துக்கொள்வதே. சுக்கானைத் தானியங்கிக் கருவி பார்த்துக்கொண்டாலும், காற்று வலுத்தால் பாயைச் சுருக்குவதற்கு மனிதக் கைதான் வேண்டும். அந்த வேலை, அலை வாரியடிக்கும் தளத்தில், நள்ளிரவிலும் வரும். கைக்குழந்தை உறங்கும் இடைவெளியில் கண்ணயரும் தாயின் தூக்கத்தைப் போன்றது இது: படகின் இரைச்சல் சற்றே மாறினாலும், உடல் தானாக விழித்துக்கொள்ளப் பழகிவிடுகிறது. இரவில் படகை நிறுத்திவிட்டு உறங்குவார்கள் என்று பலர் எண்ணுகிறார்கள். ஆனால் நடுக்கடலின் ஆழத்துக்கு நங்கூரம் எட்டாது, பாயை இறக்கினாலும் படகு அலையில் அல்லாடிக்கொண்டேதான் இருக்கும்.