ஹைட்ரஜன் சிலிண்டரும் சோதனையும்: மலைக்காரர்களின் கேள்விகளுக்குப் பதில்

உதகை, பொறியியல் மாணவி: சார், ஹைட்ரஜனை ஏன் 700 பார் (ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்) வரை அழுத்துகிறார்கள்? சமையல் கேஸ் மாதிரி வைக்கக் கூடாதா?

சமையல் கேஸ் கொஞ்சம் அழுத்தினாலே திரவமாகிவிடும். ஹைட்ரஜன் மைனஸ் 253 டிகிரிக்குப் போனால்தான் திரவம். அதனால் வாயுவாகவே நெருக்கி அடைக்கிறார்கள். 700 பாரில்கூட லிட்டருக்கு 40 கிராம்தான் கொள்ளும். கார்களில் வருவது பிளாஸ்டிக் உட்கூட்டின் மேல் கார்பன் இழை சுற்றிய கலன்.

கோத்தகிரி, வெல்டிங் பட்டறை: அண்ணே, நாங்களே ஹைட்ரஜனுக்கு 50 லிட்டர் கலன் செய்து, கம்ப்ரஸர் காற்றில் சோதிக்கலாமா?

கூடாது தம்பி. 50 லிட்டரில் 200 பார் காற்று அடைத்தால் சுமார் 2 மெகாஜூல் ஆற்றல் உள்ளே நிற்கும். கிட்டத்தட்ட அரைக் கிலோ டி.என்.டி. வெடிமருந்துக்குச் சமம். அதே கலனில் அதே அழுத்தத்தில் தண்ணீர் என்றால் 5 கிலோஜூல்கூட வராது. தண்ணீர் அவ்வளவாகச் சுருங்காது, அதனால் கலன் கிழிந்தாலும் அழுத்தம் சட்டென்று விழுந்துவிடும். முதலில் தண்ணீர், அப்புறம்தான் வாயு. தண்ணீர் நிரப்பும்போதும் உள்ளே காற்றுக் குமிழி நிற்காமல் முழுதாக வெளியேற்ற வேண்டும். அழுத்த அளவியைத் தடுப்புச் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து பாருங்கள், கலனுக்குப் பக்கத்தில் ஆள் நிற்கக் கூடாது. இன்னொன்று, வெல்டிங் போட்ட கலனே இந்த வேலைக்கு வேண்டாம். வலிமை கூடிய எஃகிலும் வெல்டிங் அருகே கடினமான இடத்திலும் ஹைட்ரஜன் அணு புகுந்து நொறுங்கவைக்கும். வெளியே ஒன்றும் தெரியாது.

குன்னூர், ஓய்வுபெற்ற பாய்லர் ஃபிட்டர்: தண்ணீரில் தாங்கிய பாய்லர் நீராவியில் கசிந்ததை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் தண்ணீர் சோதனையை எப்படி நம்புவது?

நல்ல கேள்வி ஐயா, பாதி ஒத்துக்கொள்கிறேன். தண்ணீர் சோதனை வலிமையைச் சொல்லும், கசிவைச் சொல்லாது. அதனால்தான் பிறகு ஹீலியத்திலோ ஹைட்ரஜனிலோ கசிவு பார்க்கிறார்கள். வாகனக் கலன்களுக்கான ஐ.நா. விதியில், ஒவ்வொரு கலனையும் வேலை அழுத்தத்தின் ஒன்றரை மடங்கில் சோதிக்க வேண்டும். 700 பார் என்றால் 1,050.

அதே குன்னூர் ஐயா: ஒன்றரை மடங்கு ஒருமுறை தாங்கினால் பத்து வருடம் தாங்குமா?

தாங்கும் என்று சொல்ல முடியாது. அதனால் மாதிரிக் கலன்களை ஆயிரக்கணக்கான முறை ஏற்றி இறக்குகிறார்கள், உயரத்திலிருந்து போடுகிறார்கள், தீயில் வைக்கிறார்கள். தீயில் கலன் வெடிக்கும் முன் பாதுகாப்பு வால்வு சூட்டில் திறந்து வாயுவை வெளியே விட வேண்டும். சில மாதிரிகளை உடைத்தே பார்ப்பார்கள். நீங்கள் கேட்டதற்குப் பதில் இந்தச் சோதனைகள்தான், 1,050 அல்ல.

கொடைக்கானல்: 2,100 மீட்டர் உயரத்தில் அழுத்தம் குறைவு, கலனுக்கு ஆபத்தா?

கால் பார்கூட வித்தியாசம் இல்லை. 700-க்கு முன் அது பொருட்டே அல்ல.

மேட்டுப்பாளையம்: மலை ரயிலில் ஹைட்ரஜன் வருமா?

பாரம்பரிய, மலைப் பாதைகளில் ஹைட்ரஜன் ரயில் விடும் திட்டத்தை ரயில்வே அறிவித்திருக்கிறது. நீலகிரிப் பாதையில் 16 சுரங்கங்கள். கசியும் ஹைட்ரஜன் மேலே போய்க் கூரையடியில் தங்கும், காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பிடிக்கும். எனக்கு அந்தச் சுரங்கங்கள்தான் கவலை.

கூடலூர்: அண்ணே, சின்னக் கலன்தான், 5 லிட்டர். காற்றிலேயே...

கோத்தகிரிக்குச் சொன்னதைப் படியுங்கள். தண்ணீர்!

குந்தா: அனுமதி யாரிடம் வாங்குவது?

நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெசோவிடம் (மத்திய அரசின் பெட்ரோலியம், வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு). 2016 எரிவாயு சிலிண்டர் விதிகளை முதலில் படியுங்கள்.