ஊறுகாய் ஜாடியும் பிள்ளையின் வயிற்றுவலியும்

பர்மாவின் பெகு ஊர் வாசகிக்கு,

முடி கொட்டுவது, ஜாடியின் வெளிப்பக்கக் கீறல், ஊறுகாய் மேல் வெள்ளைப் படலம், இணையத்தில் படித்த புற்றுநோய் என்று நிறையக் கேட்டிருக்கிறீர்கள். கடைசிப் பக்கத்தில் ஒரு வரி: நான்கு வயது மகனுக்கு அடிக்கடி வயிற்றுவலி, மூன்று நாளுக்கு ஒருமுறைதான் வெளிக்குப் போகிறான், பூச்சி மாத்திரை இரண்டு தடவை கொடுத்தும் கேட்கவில்லை. அதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும்.

பூச்சில் ஈயம் இருக்கக்கூடிய மாமியார் காலத்து ஜாடியில் போட்ட எலுமிச்சை ஊறுகாயைத் தினமும் சாப்பிடும் பிள்ளைக்கு வயிற்றை முறுக்கும் வலியும் மலச்சிக்கலும் சேர்ந்து வந்தால், ஈயம் உடம்பில் ஏறியிருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். சாப்பிடுகிற ஈயத்தில் பாதி வரை சிறுபிள்ளையின் குடல் உறிஞ்சிவிடும். பெரியவர்களுக்குச் சுமார் பத்தில் ஒரு பங்குதான். இரும்புச்சத்து குறைந்த பிள்ளை என்றால் இன்னும் கூடும். மூன்றாவது பூச்சி மாத்திரை வேண்டாம். நரம்பிலிருந்து ரத்தம் எடுத்து ஈய அளவும் ஹீமோகுளோபினும் பார்க்கச் சொல்லுங்கள். விரலில் குத்தி எடுத்தால் தோலில் ஒட்டிய தூசியே அளவைக் கூட்டிக் காட்டிவிடும். ஈயம் பார்க்க முடியை அனுப்பச் சொல்கிறவர்களுக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

ரத்தத்தில் ஈயம் டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருந்தால் ஈயம் வரும் வழியைத் தேடி நிறுத்த வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டல். ஈயத்தை வெளியேற்றும் மருந்து பிள்ளைகளுக்குப் பொதுவாக 45ஓ அதற்கு மேலோ இருந்தால்தான், அதுவும் மருத்துவமனைக் கண்காணிப்பில். இணையத்தில் விற்கும் ‘டீடாக்ஸ்’ பொடியால் ஆகாது. விடாத வாந்தி, எழுப்ப முடியாத தூக்கம், வலிப்பு என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

செரிமானப் பொடி கொடுப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். நிறுத்துங்கள், டப்பாவை டாக்டரிடம் காட்டுங்கள். 2009இல் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் பர்மிய அகதிப் பிள்ளைகளின் ரத்தத்தில் ஈயம் கூடியிருந்ததை ஆராய்ந்தபோது, ‘டோ துவே’ என்ற பர்மியச் செரிமான மருந்தில் ஈயமும் ஆர்செனிக்கும் இருந்தது தெரிந்தது.

இனி ஜாடி. அது சௌக்மியாங் ஜாடி என்கிறீர்கள். அந்த ஊர்க் குயவர்கள் கண்ணாடிப் பூச்சுக்கு பாட்வின் ஈய-வெள்ளிச் சுரங்கத்தின் கசடைச் சேர்ப்பது பழைய வழக்கம். பூச்சு சூளையில் சரியாக உருகி இறுகாவிட்டால் புளிப்பு அதைக் கரைக்கும். ஜாடியைக் கழுவிக் காயவைத்து உள்ளே டார்ச் அடியுங்கள். ஊறுகாய் நின்ற மட்டத்துக்குக் கீழே மினுமினுப்பு செத்து, விரலுக்குச் சொரசொரப்பாக இருந்தால் புளிப்பு தின்றிருக்கிறது. பளபளப்பாக இருந்தாலும் நம்ப முடியாது. ஆய்வகத்தில் 4 சதவீத அசிட்டிக் அமிலத்தை 24 மணி நேரம் ஊற்றிவைத்து, அதில் இறங்கிய ஈயத்தை அளப்பார்கள். கடையில் விற்கும் தேய்த்துப் பார்க்கும் குச்சி ‘இல்லை’ என்று காட்டினால் அதற்கு மதிப்பில்லை. கொதிக்கவைத்தாலும் ஈயம் போகாது.

ஊறுகாயைக் கண்ணாடி பாட்டிலுக்கு மாற்றிப் பயனில்லை, இறங்கியது அதிலேயே இருக்கிறது. கொட்டிவிடுங்கள். புளி, தயிர், வினிகர், லெபெத் (ஊறவைத்த தேயிலை) எதுவும் இனி அந்த ஜாடியில் வேண்டாம். அரிசி, பருப்பு போடலாம். பூச்சில்லாத தண்ணீர்ப் பானைக்குப் பயமில்லை.

வெள்ளைப் படலம் பெரும்பாலும் ஈஸ்ட், உப்பு குறைந்திருக்கும். வெளிப்பக்கக் கீறலால் ஒன்றுமில்லை. முடி கொட்டுவதற்கு ஜாடியைப் பழிக்காதீர்கள். நீங்கள் கர்ப்பமாக இருந்தால் மட்டும் உங்களுக்கும் அதே ரத்தப் பரிசோதனை வேண்டும், ஈயம் நஞ்சுக்கொடியைத் தாண்டும்.

பையனுக்கு அளவு கூடியிருந்தால், எல்லாம் நிறுத்திய ஒரு மாதத்தில் மறுபடி பாருங்கள். ஈயம் வருவது நின்றிருந்தால் அளவு இறங்கியிருக்கும். இறங்காவிட்டால் வீட்டுச் சுவர்ப் பெயின்ட், கடையில் வாங்கிய தனாக்கா (முகத்தில் பூசும் மரப்பட்டைக் குழம்பு), கணவரின் பேட்டரி வேலை என்று அடுத்ததைத் தேட வேண்டும்.