தத்தெடுப்பது கட்டளையா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

எங்கள் சபையில் போன மாதம் யாக்கோபு 1:27 பற்றிப் பிரசங்கம். திக்கற்ற பிள்ளைகளை விசாரிப்பதே மாசில்லாத பக்தி, தேவன் நம்மைத் தத்தெடுத்திருக்கிறார், ஆகவே வசதியுள்ள ஒவ்வொரு கிறிஸ்தவக் குடும்பமும் ஒரு பிள்ளையையாவது தத்தெடுக்க வேண்டும் என்றார் போதகர். எங்களுக்கு ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள். அன்றிலிருந்து எனக்கு மனது உறுத்திக்கொண்டே இருக்கிறது. மனைவி பயமாக இருக்கிறது என்கிறாள். ஒரு அனாதை இல்லத்துக்கு மாதாமாதம் பணம் அனுப்புகிறோமே, அது போதாதா என்றும் கேட்கிறாள். தத்தெடுக்காமல் இருப்பது கீழ்ப்படியாமையா? இன்னொன்று. அப்படியே எடுத்தாலும், பிள்ளைக்கு 18 வயதான பிறகு விவரம் சொன்னால் போதும் என்கிறார்கள் வீட்டுப் பெரியவர்கள். அது சரியா?

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள நண்பருக்கு,

கீழ்ப்படியாமை இல்லை. அதை முதலில் உங்கள் மனைவியிடம் சொல்லிவிடுங்கள். திக்கற்ற பிள்ளைகளை விசாரிப்பது எல்லார்மேலும் உள்ள கடமை. தத்தெடுப்பது அதைச் செய்யும் வழிகளில் ஒன்று. உங்கள் போதகர் நல்லெண்ணத்தில் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார்.

அந்த வசனத்தை இன்னொரு முறை வாசியுங்கள். "திக்கற்ற பிள்ளைகளும் விதவைகளும்" என்றல்லவா இருக்கிறது? நியாயப்பிரமாணத்திலும் தீர்க்கதரிசிகளிடமும் இந்த இருவரும் சேர்ந்தே வருவார்கள், ஏனென்றால் பெரும்பாலும் அவர்கள் ஒரே வீட்டுக்காரர்கள். யாத்திராகமம் 22-ல், இவர்களை ஒடுக்குகிறவர்களுக்குக் கர்த்தர் சொல்லும் தண்டனையைப் பாருங்கள்: "உங்கள் மனைவிகள் விதவைகளும், உங்கள் பிள்ளைகள் திக்கற்ற பிள்ளைகளுமாவார்கள்." அம்மா உயிரோடுதான் இருக்கிறாள். ஆனால் நிலத்துக்கு உரிமை கேட்கவும் ஊர் வாசலில் நியாயம் பேசவும் ஆள் இல்லை. வேதாகமம் பேசும் திக்கற்ற பிள்ளை அதிகமும் இந்தப் பிள்ளைதான்.

இன்றும் நிலைமை பெரிதாக மாறிவிடவில்லை. பெற்றோரில் ஒருவரையோ இருவரையுமோ இழந்த, 18 வயதுக்கு உட்பட்ட எல்லாரையும் யுனிசெஃப் அனாதைகள் என்று கணக்கிடுகிறது. 2015-க்கான மதிப்பீடு ஏறக்குறைய 14 கோடி. அதில் இருவரையும் இழந்தவர்கள் சுமார் 1.5 கோடி. மேடைகளில் முதல் எண்ணை மட்டும் சொல்லி, இத்தனை கோடிப் பிள்ளைகள் ஒரு வீட்டுக்காகக் காத்திருக்கிறார்கள் என்பார்கள். கேட்கிறவர்களுக்குக் கண்ணீர் வந்துவிடும். கணக்கு தப்பு. அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அம்மாவோ அப்பாவோ இருக்கிறார்கள். பலருக்குப் பாட்டியோ சித்தியோ மாமாவோ இருக்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியது வாடகை, மருந்து, பள்ளிக் கட்டணம், அம்மாவுக்கு ஒரு வேலை.

இரண்டாம் இராஜாக்கள் 4-ஆம் அதிகாரத்தை ஏன் இந்த விஷயத்தில் யாரும் பிரசங்கிப்பதில்லை என்று எனக்கு ரொம்ப நாளாக ஆதங்கம். கணவன் இறந்துவிட்டான். கடன் கொடுத்தவன் இரண்டு பிள்ளைகளையும் அடிமைகளாகக் கொண்டுபோக வந்து நிற்கிறான். அந்த விதவை எலிசா தீர்க்கதரிசியிடம் ஓடுகிறாள். எலிசா என்ன செய்தார்? பிள்ளைகளை என்னிடம் விட்டுவிடு, நான் வளர்க்கிறேன் என்று சொல்லவில்லை. "உன் வீட்டில் என்ன இருக்கிறது?" என்று கேட்கிறார். ஒரு குடம் எண்ணெய். அயலாரிடம் வெறும் பாத்திரங்களைக் கேட்டு வாங்கச் சொல்கிறார். எண்ணெயை விற்றுக் கடனை அடைத்து, மீதியை வைத்து அவளும் பிள்ளைகளும் பிழைக்கிறார்கள். அற்புதத்தை எடுத்துவிட்டுப் பார்த்தாலும், ஒரு சபை செய்யவேண்டியது முழுக்க அதில் இருக்கிறது. கடனைத் தீர்ப்பது, தொழிலுக்கு வழி செய்வது, அக்கம்பக்கத்தாரை உதவிக்குச் சேர்ப்பது. பிள்ளைகள் அம்மாவை விட்டுப் போகவே இல்லை.

உங்கள் மாதப் பணத்துக்கு வருகிறேன். அதைச் சிறியதாக நினைக்காதீர்கள். கி.பி. 200-ஐ ஒட்டிய காலத்தில் வாழ்ந்த கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன், சபையின் பொதுப் பெட்டியைப் பற்றி எழுதியிருக்கிறார். மாதம் ஒருமுறை, விரும்பினவர் முடிந்ததைப் போடுவார், யாருக்கும் கட்டாயமில்லை. பெற்றோரும் சொத்தும் இல்லாத சிறுவர் சிறுமியருக்கும் அதிலிருந்துதான் கொடுத்தார்கள். கட்டாயமில்லை என்று அவர் குறிப்பிட்டுச் சொல்வதை உங்கள் போதகருக்குக் காட்டலாம்!

ஆனால் பணம் எங்கே போகிறது என்று கேளுங்கள். ஜார்ஜ் முல்லர் என்ற ஊழியர் 1836-ல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் தன் முதல் அனாதை இல்லத்தைத் தொடங்கியபோது அந்தப் பிள்ளைகளுக்கு வேறு போக்கிடம் அரிது. அவர் காலத்துக்கு அது பெரிய காரியம். இன்று நமக்கு வேறு சில விஷயங்களும் தெரியும். ருமேனியாவின் புகாரெஸ்ட் நகரில், 2000-ஆம் ஆண்டு தொடங்கிய ஓர் ஆய்வில், இல்லங்களில் இருந்த 136 குழந்தைகளில் குலுக்கல் முறையில் பாதிப்பேரை வளர்ப்புக் குடும்பங்களில் விட்டார்கள். குடும்பத்துக்குப் போன பிள்ளைகள் அறிவு வளர்ச்சியிலும் ஒருவரோடு ஒட்டிப் பழகுவதிலும் முன்னேறினார்கள். எவ்வளவு சிறு வயதில் போனார்களோ அவ்வளவுக்குப் பலன் அதிகம். அதனால் நீங்கள் ஆதரிக்கும் இல்லத்தாரிடம் விசாரியுங்கள். எத்தனை பிள்ளைகளுக்குப் பெற்றோர் இருக்கிறார்கள்? போன வருஷம் எத்தனை பேரைச் சொந்த வீட்டுக்குத் திரும்ப அனுப்பினீர்கள்? நல்ல இல்லமென்றால் பதில் தயாராக இருக்கும். கோபித்துக்கொண்டால், பணத்தை வேறு இடத்துக்கு மாற்றுங்கள்.

அப்படியானால் தத்தெடுப்பே வேண்டாமா? வேண்டும். திரும்பிப் போக உண்மையிலேயே வீடு இல்லாத பிள்ளைகள் இருக்கிறார்கள். வளர்ந்த பிள்ளைகள், பிரிக்கக்கூடாத அண்ணன் தங்கைகள், ஊனமுள்ள பிள்ளைகள்தான் அதிகம் காத்திருக்கிறார்கள். கேட்டு வருகிற பெற்றோரில் பெரும்பாலோர் கைக்குழந்தையைத்தான் கேட்கிறார்கள். இதில் ஒரு பிள்ளைக்கு அம்மா அப்பாவாக இருக்க நீங்கள் இருவருமே ஆசைப்பட்டால் போங்கள். உறுத்தலைத் தீர்க்கப் போகாதீர்கள். உறுத்தல் ஆறு மாதத்தில் தீர்ந்துவிடும், பிள்ளை வீட்டில் இருக்கும். மனைவியின் பயத்தை ஜெபத்தில் ஜெயிக்கவேண்டிய எதிரியாக ஆக்காதீர்கள். எதற்குப் பயம் என்று உட்கார்ந்து கேளுங்கள். பாதி நியாயமாகத்தான் இருக்கும்.

தேவன் நம்மைத் தத்தெடுத்தார் என்ற வாதத்தையும் கொஞ்சம் கவனமாகக் கையாள வேண்டும். பவுல் அறிந்த ரோம உலகத்தில் தத்து பெரும்பாலும் வளர்ந்த ஆண்களை வாரிசாக்குவதற்குத்தான். ரோமப் பேரரசன் அகுஸ்து, தனக்குப் பின் அரசாளத் திபேரியுவைத் தத்தெடுத்தபோது திபேரியுவுக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது. பவுல் ரோமர் 8-ல் அதிலிருந்து எடுத்துக்கொள்வது முழு உரிமையை: பிள்ளைகளானால் சுதந்தரர், அதாவது வாரிசுகள். அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். வந்த பிள்ளை உங்கள் மற்ற இருவருக்கும் சமமான வாரிசு. நாங்கள் காப்பாற்றினோம் என்ற பேச்சு வீட்டில் வரவே கூடாது. சபையில் சாட்சியாக எழுப்பி நிறுத்தவும் கூடாது.

கடைசிக் கேள்வி. 18 வயது வரை மறைப்பது சரியில்லை. மோசே பார்வோன் குமாரத்தியின் மகனாக வளர்ந்தவர், ஆனாலும் வளர்ந்த பிறகு தன் சகோதரரைத் தேடிப் போனார். எபிரெயரிடம் பிறந்த பிள்ளை என்பது அவளுக்கு முதல் நாளே தெரியும். தாய் தகப்பனை இழந்த எஸ்தர், உறவினர் மொர்தெகாயின் வீட்டில் மகளாகவே வளர்ந்தாள், அவளுடைய தகப்பன் பெயர் அபியாயேல் என்பதும் மறைந்துபோகவில்லை. பிள்ளைக்குப் பேச்சு புரியத் தொடங்கும் முன்பே, தூங்க வைக்கும்போது சொல்லும் கதையாக இதையும் சொல்லத் தொடங்குங்கள். பெரியவர்களுக்குச் சங்கடமாக இருந்தால் அவர்களோடு தனியாகப் பேசி, பிள்ளை வருவதற்கு முன்பே சம்மதிக்க வையுங்கள். பிறந்த இடம், பெற்றவர்கள் பற்றிக் கிடைக்கிற காகிதம் ஒவ்வொன்றையும் பத்திரமாக வைத்திருங்கள், ஒருநாள் பிள்ளை கேட்கும்.