200 ஆம்பியர் பேனலில் 38 ஆம்பியர் இன்வெர்ட்டர்: பதில்

உங்கள் பேனலில் பஸ்பார் (பிரேக்கர்களுக்கு மின்சாரம் கொண்டுபோகும் உலோகப் பட்டை) 200, மெயின் பிரேக்கர் 200, சோலார் இன்வெர்ட்டர் 38 ஆம்பியர். மெயினுக்கு நேர் கீழே உள்ள காலியிடத்தில் சோலாருக்கு 50 ஆம்பியர் பிரேக்கர் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து போடாதீர்கள். அமெரிக்க மின் விதித்தொகுப்பான என்இசி 705.12-இன் 120 சதவீதக் கணக்கில், மெயினும் இன்வெர்ட்டர் மின்னோட்டத்தின் 1.25 மடங்கும் சேர்ந்து பஸ்பார் அளவின் 120 சதவீதத்தைத் தாண்டக் கூடாது; உங்கள் வரம்பு 240. 38-ஐ 1.25-ஆல் பெருக்கினால் 47.5, மெயினோடு சேர்த்தால் 247.5. ஏழரைதானே என்று விட்டுவிட முடியாது. இரண்டு பக்கமும் மின்சாரம் வரும்போது எந்த பிரேக்கரும் விழாமலே பஸ்பார் சூடேறலாம்.

முதலில் பேனல் கதவின் உள்பக்க லேபிளைப் படியுங்கள். சிலவற்றில் பஸ்பார் 225 என்றிருக்கும். அப்படியானால் வரம்பு 270, மெயினைத் தொடவே வேண்டாம். இல்லையென்றால், லோடு கணக்கு (மொத்த மின் தேவையின் கணக்கு) இடம் கொடுத்தால் மெயினை 175 ஆக்குங்கள். எப்படியானாலும் சோலார் பிரேக்கர் மெயினுக்கு எதிர்முனையில்தான் இருக்க வேண்டும்.