அன்றாடப் பேச்சில் "அட்வான்ஸ்" என்ற சொல்லுக்கு எத்தனை பொருள்கள் இருக்கின்றன?

ஆவணங்கள் எழுதிக் கொடுக்கும் தொழிலில் இருப்பதால் இந்தச் சொல்லை அடிக்கடி கேட்கவும் எழுதவும் வேண்டியிருக்கிறது; ஆகவே சற்று விரிவாகவே பதில் சொல்ல விரும்புகிறேன். தமிழ்நாட்டில் அட்வான்ஸ் என்றால் பெரும்பாலும் பணத்தைத்தான் குறிக்கிறோம். ஆனால் கொடுத்த பணம் திரும்பி வருமா, கணக்கில் கழியுமா, பேச்சு முறிந்தால் கைவிட்டுப் போகுமா என்பதை அந்தச் சொல்லை வைத்து அறிய முடியாது. இந்த மூன்றுக்கும் நாம் ஒரே சொல்லைச் சொல்லிவருகிறோம்.

பணம் சாராத பொருள்களை முதலில் சொல்லிவிடுகிறேன். பிறந்தநாளுக்கு முந்தைய நாள் "அட்வான்ஸ் வாழ்த்துகள்" என்கிறோம். ரயிலுக்கு "அட்வான்ஸாக" டிக்கெட் எடுக்கிறோம். இரண்டிலும் முன்கூட்டியே என்ற காலப் பொருள் மட்டுமே இருக்கிறது. (ரயிலில் அந்த முன்பதிவுக் காலம் 2024 நவம்பர் முதல் 120 நாட்களிலிருந்து 60 நாட்களாகக் குறைக்கப்பட்டது.) "அட்வான்ஸ்டு" என்பது இன்னும் கவனமாகக் கையாள வேண்டிய சொல். கைபேசிக்கும் படிப்புக்கும் அதைச் சேர்த்தால் மேம்பட்டது என்று பொருள். நோய்க்குச் சேர்த்தால் முற்றிய நிலை என்று பொருள். நோயாளியின் குடும்பத்தாரிடம் பேசும் மருத்துவர்கள் அந்த இடத்தில் "முற்றிய நிலை" என்றே சொல்லிவிடுவது நல்லது என்பது என் கருத்து.

இனிப் பணத்துக்கு வருவோம். வாடகை வீட்டுக்குக் கொடுக்கும் அட்வான்ஸ் உண்மையில் முன்பணமே அல்ல. அது எந்த மாத வாடகைக்கும் முன்கூட்டிச் செலுத்தியது ஆகாது. வீட்டு உரிமையாளரின் கையில் பிணையாக இருந்து, குடியிருப்பவர் காலி செய்யும்போது திரும்ப வேண்டிய வைப்புத்தொகை அது. 2017இல் இயற்றப்பட்டு 2019இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டமும் அதைப் பாதுகாப்பு வைப்புத்தொகையாகவே கருதுகிறது. ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதிக்கொள்ளாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அதை வாங்கக் கூடாது என்றும் கூறுகிறது. காலி செய்யும் நேரத்தில் "கடைசி மாதங்களின் வாடகையை அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள்" என்று குடியிருப்பவரும், "வெள்ளையடிக்கும் செலவை அட்வான்ஸில் பிடித்துக்கொள்கிறேன்" என்று உரிமையாளரும் பேசத் தொடங்கும்போது தகராறு பிறக்கிறது. எதைக் கழிக்கலாம், எதைக் கழிக்கக் கூடாது என்பதை வீட்டுக்குள் வருமுன்பே எழுதிக்கொண்டவர்களிடம் இந்தப் பேச்சுக்கு இடமே இருப்பதில்லை.

நிலம் வாங்கும்போது கொடுக்கும் அட்வான்ஸ்தான் மிகவும் சிக்கலானது. நம் முன்னோர் இதற்கு அச்சாரம் என்று தனிச் சொல் வைத்திருந்தார்கள். பேச்சில் உறுதியாக நிற்பேன் என்பதற்கு அடையாளமாகக் கொடுப்பது அச்சாரம். விலையில் ஒரு பகுதியை முன்னதாகவே செலுத்திவிடுவது முன்பணம். விற்பனை நல்லபடியாக முடிந்தால் இரண்டும் விலையில் கழிந்துவிடுவதால் வேறுபாடு தெரியாது. வாங்குபவர் பின்வாங்கும்போதுதான் அது தெரியும். ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதியிருந்தால் அச்சாரத்தை விற்பவர் வைத்துக்கொள்ளலாம் என்றும், விலையின் ஒரு பகுதியாக மட்டுமே கொடுத்த தொகையை அவ்வாறு எடுத்துக்கொள்ள முடியாது என்றும் உச்ச நீதிமன்றம் 2012இல் ஒரு வழக்கில் விளக்கியது. பணத்துக்கு என்ன பெயர் வைத்தார்கள் என்பதைவிட, எதற்காக அது கொடுக்கப்பட்டது என்பதையே நீதிமன்றம் பார்க்கிறது.

இருந்தும், ஒரு துண்டுத் தாளில் "மனைக்கு அட்வான்ஸ் பெற்றுக்கொண்டேன்" என்று ஒரே வரியில் எழுதிய ரசீதைக் கொண்டு வருகிறவர்களை இன்றும் பார்க்கிறேன். அந்த வரியைப் படித்துவிட்டு, பணம் திரும்புமா என்று அவர்கள் கேட்கும்போது என்னால் உறுதியான பதில் சொல்ல முடிவதில்லை. மொத்த விலை எவ்வளவு, மீதியை எந்தத் தேதிக்குள் தர வேண்டும், யார் பின்வாங்கினால் இந்தத் தொகை என்னவாகும் என்று மேலும் மூன்று வரிகள் இருந்திருந்தால் போதும். அடுக்குமாடி வீடு கட்டி விற்பவர்களுக்கு இதில் தனிக் கட்டுப்பாடும் உண்டு: 2016ஆம் ஆண்டின் மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி, விற்பனை ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் அட்வான்ஸாக வாங்கக் கூடாது.

வருமான வரியில் வரும் அட்வான்ஸ் எளிமையானது. அந்தந்த ஆண்டின் வரியை அந்த ஆண்டிலேயே ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் மாதங்களின் 15ஆம் தேதிக்குள் தவணையாகச் செலுத்துவதை அது குறிக்கிறது.

சம்பள அட்வான்ஸில் பணம் எதிர்த் திசையில் செல்கிறது. வேலை செய்பவர் வாங்குகிறார், வேலை கொடுப்பவர் தருகிறார், அடுத்து வரும் சம்பளத்தில் அது கழிகிறது. அவசரத்துக்கு வட்டியில்லாமல் கிடைக்கும் இந்த உதவியை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இதே சொல் செங்கல் சூளையிலும் கரும்பு வெட்டும் வேலையிலும் ஒலிக்கும்போது அதன் பொருள் வேறாகிவிடுகிறது. பருவம் தொடங்குமுன் முகவர் வழியாக ஒரு குடும்பத்துக்கு மொத்தமாகத் தொகை கொடுக்கப்படுகிறது. அந்தக் குடும்பம் முழுவதும் வேலை செய்து அதைக் கழிக்க வேண்டும். கணக்குப் புத்தகம் பணம் கொடுத்தவரிடமே இருக்கிறது. கூலி குறைவாகவும் கழிவு மெதுவாகவும் இருந்தால் பருவம் முடிந்த பிறகும் பாக்கி நிற்கும். "அட்வான்ஸ் வாங்கியிருக்கிறேன், போக முடியாது" என்று ஒருவர் சொல்லும்போது, அந்தச் சொல்லுக்கு இருக்கும் பொருள்களிலேயே கொடியது அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் இந்த அட்வான்ஸை நேரடியாகவே எடுத்துக்கொண்டு, ரொக்கமாகக் கொடுத்தாலும் பொருளாகக் கொடுத்தாலும் அது அட்வான்ஸ்தான் என்று வரையறுக்கிறது. அதற்கு ஈடாக ஒருவர் வேலையை விட்டுப் போகும் உரிமையையோ, வேறிடத்தில் வேலை தேடும் உரிமையையோ, ஊர்விட்டு ஊர் போகும் உரிமையையோ இழந்திருந்தால் அவர் கொத்தடிமையாகக் கருதப்படுவார். அந்தக் கடனும் சட்டப்படி அழிந்துபோகிறது. அழிந்த கடனுக்காகப் பணம் பெற்றுக்கொள்பவருக்கு மூன்று ஆண்டுகள் வரை சிறைத் தண்டனையும் அபராதமும் விதிக்க முடியும். இந்த நிலையில் யாரையாவது நீங்கள் அறிந்திருந்தால், மாவட்ட ஆட்சியருக்கோ வருவாய்க் கோட்டாட்சியருக்கோ மனு கொடுக்கலாம். அதைப் பாதிக்கப்பட்டவரேதான் கொடுக்க வேண்டும் என்பதில்லை, அவருக்காக நீங்களும் எழுதலாம்.